யார் முன்னால் போனது மானம்?



குடும்பச் சண்டை நீதிமன்றம் ஏறும்போது அவதூறு வழக்கு என்ன பாடு படுகிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கணவன் மனைவியைச் சொன்னான், மனைவி கணவனைச் சொன்னாள், அண்ணன் தங்கையைச் சொன்னான், மாமனார் மருமகனைச் சொன்னார். “என் மானம் போய்விட்டது, வழக்குப் போடுகிறேன்” என்று ஒருவர் எழுந்து நிற்கிறார். அந்த நிமிடத்தில் சட்டம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவாய்? எவ்வளவு பாதிப்பு வந்தது, காட்டு!

முதல் கேள்விக்கு அதிகார வரம்பு என்று பெயர். இரண்டாவதற்குக் கடுமையான பாதிப்பு என்று பெயர். சட்டப் புத்தகத்தில் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். ஆனால் இரண்டும் ஒரே கேள்விதான் என்று நான் சொல்கிறேன். அந்தக் கேள்வி இது: உன் மானம் யார் முன்னால் போனது? இதை உங்கள் முன் நிறுவிக் காட்டவே இந்த மேடையில் நிற்கிறேன்.

இங்கிலாந்தின் சட்டத்தை வைத்துத்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். ஏன் இங்கிலாந்து? இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே சட்டத்துக்குள் நேருக்கு நேர் சந்தித்த நாடு அது. 2013-ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டம். 2014 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. நம் சட்டத்தின் வேர் அங்கேயிருந்து வந்தது. நம் பிள்ளைகளில் பலர் இன்று அங்கே குடியிருக்கிறார்கள்.

முதலில் பழைய கதை ஒன்று. 1830-இல் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்று பிரன்ஸ்விக் கோமகனைப் பற்றித் தவறாக எழுதியது. பதினேழு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஊரே மறந்துவிட்டது. வழக்குப் போடும் கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. கோமகன் என்ன செய்தார் தெரியுமா? தன் பணியாளை அனுப்பி, பத்திரிகை அலுவலகத்திலேயே அந்தப் பழைய இதழில் ஒரு பிரதி வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்ததும், “இதோ, இன்றைக்குப் புதிதாக ஓர் அவதூறு வெளியாகிவிட்டது” என்று வழக்குப் போட்டார். 1849-இல் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது!

நான் கேட்கிறேன், அந்தப் பிரதியைப் படித்தது யார்? கோமகன் அனுப்பிய ஆள். கோமகனின் மானம் யார் முன்னால் போனது? அவருடைய சொந்தப் பணியாளின் முன்னால்! அந்தக் கேள்வியை அன்றைய சட்டம் கேட்கவே இல்லை. எழுத்தில் வந்த அவதூறு என்றால் பாதிப்பு வந்தே இருக்கும் என்று சட்டம் தானாகவே ஊகித்துக்கொண்டது. நிரூபிக்க வேண்டாம், சாட்சி வேண்டாம், சொன்னால் போதும்.

இப்படிக் கதவை அகலத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? உலகமே உள்ளே வரும். வந்தது. ஃபோர்ப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை 1996-இல் ரஷ்யத் தொழிலதிபர் பெரெசோவ்ஸ்கியைப் பற்றி எழுதியது. எழுதியது அமெரிக்கப் பத்திரிகை, எழுதப்பட்டவர் ரஷ்யர். அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்றவை 7,80,000 பிரதிகளுக்கும் மேல். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்றவை 2,000-க்கும் குறைவு. வழக்கு எங்கே நடந்தது? லண்டனில்! 2000-ஆம் ஆண்டில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அதை அனுமதித்தது. அவருக்கு லண்டனில் தொழில் தொடர்பு உண்டு, காப்பாற்ற ஒரு பெயர் உண்டு என்றார்கள்.

அதற்கடுத்து இன்னும் விநோதம். அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் எரென்ஃபெல்ட் பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் வழியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம் அமெரிக்காவில் வெளியானது. இணையம் வழியே இங்கிலாந்துக்கு வந்த பிரதிகள் 23. இருபத்து மூன்று! அதை வைத்துச் சவுதிச் செல்வந்தர் ஒருவர் லண்டனில் வழக்குப் போட்டு வென்றார். அமெரிக்காவுக்குக் கோபம் வந்தது. வெளிநாட்டில் பெற்ற அப்படிப்பட்ட அவதூறுத் தீர்ப்புகள், பேச்சுரிமையைக் காப்பதில் தங்கள் தரத்துக்கு இணையாக இல்லாவிட்டால், தங்கள் மண்ணில் செல்லாது என்று 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. லண்டனுக்கு “அவதூறுச் சுற்றுலாத் தலம்” என்று பெயர் வந்தது. மாநகரத்துக்கு இது பெருமையா?

அந்த நேரத்தில்தான் நீதிபதிகளே விழித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 2005-இல் ஒரு வழக்கு வந்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் இணையப் பதிப்பில் இருந்த ஒரு பட்டியலைப் பற்றிய வழக்கு. இங்கிலாந்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். ஐந்து பேர். அந்த ஐந்தில் மூவர் வாதியின் தரப்பைச் சேர்ந்தவர்கள்! மிச்சம் இருவருக்கு அந்தப் பெயரே நினைவில் இல்லை. இதற்காக ஒரு நீதிமன்றம் வாரக்கணக்கில் உட்காருவதா? இது நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை நிறுத்தியது.

கவனியுங்கள். இங்கே ஒரு நீதிமன்றம் யார் முன்னால் என்று கேட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி சட்டமாயிற்று.

2013 சட்டத்தின் முதல் பிரிவு என்ன சொல்கிறது? ஒரு சொல் வெளியானதால் வாதியின் நற்பெயருக்குக் கடுமையான பாதிப்பு நேர்ந்திருக்க வேண்டும், அல்லது நேரக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது அவதூறே இல்லை. ஒன்பதாம் பிரிவு என்ன சொல்கிறது? பிரதிவாதி பிரிட்டனில் நிலையாகக் குடியிருப்பவர் இல்லை என்றால், அந்தச் சொல் எங்கெங்கே பரவியதோ அந்த எல்லா இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார். அவற்றில் இங்கிலாந்தும் வேல்ஸும்தான் தெளிவாகவே பொருத்தமான இடம் என்றால் மட்டும் வழக்கை எடு. இல்லையேல் உனக்கு அதிகாரமே கிடையாது. எட்டாம் பிரிவு அந்தக் கோமகனின் தந்திரத்துக்கும் முடிவு கட்டியது: முதலில் பொதுமக்களுக்கு வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டு, அவ்வளவுதான். அதே ஆள் அதையே அதே முறையில் மறுபடி மறுபடி வெளியிட்டாலும் கெடு புதிதாகத் தொடங்காது.

சரி, இது குடும்பத்துக்குள் நுழையும்போது என்ன நடந்தது?

துபாயில் வாழ்ந்த ஒரு தம்பதியின் கதை. கணவர் பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர், மனைவி பிரிட்டிஷ் பெண். மணமுறிவு, குழந்தை யாருக்கு என்ற போராட்டம், எல்லாம் அங்கேயே நடந்தது. 2014-இன் தொடக்கத்தில் லண்டன் பத்திரிகைகள் மனைவியின் பக்கத்துக் கதையை எழுதின. மனைவியை அடித்தார், மகனை அவளிடமிருந்து பிரித்தார், அந்த நாட்டுச் சட்டத்தை ஆயுதமாக்கினார் என்ற பொருள்படும் செய்திகள். கணவர் லண்டனில் வழக்குப் போட்டார். பத்திரிகைகள் லண்டனில் இருந்ததால் எந்த ஊர் என்ற கேள்வி எளிதாகத் தீர்ந்தது. எவ்வளவு பாதிப்பு என்ற கேள்விதான் உச்ச நீதிமன்றம் வரை போனது.

2019 ஜூன் 12. நீதிபதி சம்ப்ஷன் பிரபு தீர்ப்பு எழுதினார். பத்திரிகைகள் வாதிட்டது என்ன? சொல்லின் பொருளை மட்டும் பார்த்துப் பாதிப்பை ஊகிக்கக் கூடாது, உண்மையில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் என்றன. நீதிபதி ஒப்புக்கொண்டார். சொல் எவ்வளவு கொடியது என்று அகராதியில் நிறுத்துப் பார்த்தால் போதாது. அந்தச் சொல் மனிதர்கள் நடுவே போய் உண்மையில் என்ன செய்தது என்பதைக் காட்ட வேண்டும் என்றார். சட்டக் கேள்வியில் பத்திரிகைகள் வென்றன. ஆனால் வழக்கில் யார் வென்றார்? கணவர்தான் வென்றார்!

எப்படி? எத்தனை பேர் படித்தார்கள், எவ்வளவு கடுமையான குற்றச்சாட்டு, அவரை அறிந்தவர் ஒருவராவது பிரிட்டனில் அதைப் படித்தாரா, இவற்றையெல்லாம் முதலில் விசாரித்த நீதிபதி கூட்டிப் பார்த்திருந்தார். அந்தச் சூழ்நிலைகளிலிருந்து பாதிப்பை அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இன்று அவரை அறியாதவர் நாளை அவரைச் சந்திக்கலாம், பெண் கொடுக்கலாம், வேலை கொடுக்கலாம். அவர்கள் மனத்தில் விழுந்த கறையும் பாதிப்புத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதிப்பை நிரூபி என்று சொன்னால், “என்னைக் கேவலமாக நினைத்தவர்களை நான் எப்படிச் சாட்சிக் கூண்டுக்கு இழுத்து வருவேன்?” என்று அவதூறுக்கு ஆளானவர் கேட்பார். நியாயமான கேள்வி. நம்மைத் தப்பாக நினைப்பவர் நம் வீட்டுப் படியேறி வந்து அதைச் சொல்வதில்லை. பத்திரிகை அனுப்பியும் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். சட்டம் அதை உணர்ந்திருக்கிறது. கேட்டவர்கள் யார், அவர்களுக்கும் உனக்கும் என்ன உறவு, சொன்னவரை அவர்கள் நம்பக்கூடியவர்களா, இதைக் காட்டினால் போதும்.

இனி, எந்த ஊர் என்ற கேள்விக்கு வருவோம். உலகமே கண்கொட்டாமல் பார்த்த ஒரு கணவன் மனைவி வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். நடிகர் ஜானி டெப், நடிகை ஆம்பர் ஹெர்ட். ஒரே கல்யாணம், ஒரே மணமுறிவு. வழக்கு நடந்தது இரண்டு நாட்டில்.

லண்டனில் சன் என்ற பத்திரிகை 2018-இல் டெப்பை மனைவியை அடிப்பவர் என்று எழுதியது. அவர் பத்திரிகை மீது வழக்குப் போட்டார். மனைவி அங்கே வெறும் சாட்சி. 2020 நவம்பர் 2-ஆம் தேதி நீதிபதி நிக்கோல் தீர்ப்புச் சொன்னார்: பத்திரிகை எழுதியது பெருமளவு உண்மை. டெப் தோற்றார்.

அதே 2018-இன் டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் ஹெர்ட் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. அதில் டெப்பின் பெயரே இல்லை. டெப் வழக்குப் போட்டார். இருவரும் வாழ்ந்தது கலிஃபோர்னியாவில். வழக்கு எங்கே? நாட்டின் மறுகோடியில், வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டத்தில்! ஏன்? வாஷிங்டன் போஸ்ட் அச்சான கூடம் அங்கே இருந்தது, அதன் இணையதளத்தைச் சுமந்த சர்வர்களும் அங்கே இருந்தன. கலிஃபோர்னியாவில், வாயை அடைக்கப் போடும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வலுவான சட்டம் உண்டு. வர்ஜீனியாவில் அந்தப் பாதுகாப்பு அத்தனை வலுவாக இல்லை. இந்த ஊர் வேண்டாம், கலிஃபோர்னியாதான் சரி என்று ஹெர்ட் தரப்பு வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை.

2022 ஜூன் முதல் தேதி ஜூரி தீர்ப்புச் சொன்னது. டெப்புக்கு ஒரு கோடி டாலர் இழப்பீடு; அதற்கு மேல் தண்டனை இழப்பீடாக ஐம்பது லட்சம் டாலர் என்று சொன்னதை, மாநிலச் சட்டத்தின் உச்சவரம்பு 3,50,000 டாலராகக் குறைத்தது. ஹெர்ட்டின் எதிர்வழக்கில் அவருக்கும் இருபது லட்சம் டாலர். லண்டனில் தோற்றவர் வர்ஜீனியாவில் வென்றார்.

இத்தனைக்கும் பிரபலமானவர்கள் அவதூறு வழக்கு வெல்வது அமெரிக்காவில்தான் கடினம். 1960-களிலிருந்தே அங்கே வாதிதான், சொன்னவர் பொய்யென்று தெரிந்தே சொன்னார், அல்லது உண்மையா பொய்யா என்ற கவலையே இல்லாமல் சொன்னார் என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தில் சொன்னவர்தான் உண்மையை நிரூபிக்க வேண்டும். எளிதான ஊரில் தோற்று, கடினமான ஊரில் வென்றார். இரண்டும் ஒரே வழக்கு அல்ல என்பது உண்மைதான்: பிரதிவாதி வேறு, ஓர் ஊரில் நீதிபதி, மற்ற ஊரில் ஜூரி, முன்வைத்த சாட்சியங்களும் முழுக்க ஒன்றல்ல.

நான் கேட்கிறேன்: அந்த இரண்டு பேரையும் அறிந்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள், அவர்களுக்கு வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் எங்கே இருந்தார்கள்? கலிஃபோர்னியாவில். அச்சு இயந்திரம் இருந்தது எங்கே? வர்ஜீனியாவில். மானம் மனிதர்கள் நடுவே இருக்கிறதா, அச்சு இயந்திரத்துக்குள் இருக்கிறதா? இங்கிலாந்தின் ஒன்பதாம் பிரிவு போன்ற ஒரு விதி வர்ஜீனியாவில் இருந்திருந்தால், “எல்லா இடங்களையும் ஒப்பிட்டுப் பார்” என்ற கட்டளை நீதிபதியின் மேசையில் இருந்திருக்கும்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் பூர்வீக வீடு. அம்மா காலமாகிவிட்டார். அண்ணன் கும்பகோணத்தில், தங்கை லண்டனில், இருவருக்கும் இளைய தம்பி டொராண்டோவில். வீட்டுப் பத்திரம் தங்கை பெயருக்கு மாறியிருப்பது தெரியவருகிறது. கோபத்தில் தம்பி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்: “அக்கா அம்மாவின் கைநாட்டைத் திருட்டுத்தனமாக வாங்கிவிட்டாள்.” குழுவில் நாற்பது பேர். அவர்களில் முப்பது பேர் தமிழ்நாட்டில், ஆறு பேர் கனடாவில், நான்கு பேர் இங்கிலாந்தில்.

அக்கா கொதித்துப்போய் லண்டன் வழக்கறிஞரிடம் போகிறார். வழக்கறிஞர் முதல் கேள்வி கேட்கிறார்: தம்பி எங்கே குடியிருக்கிறார்? கனடாவில். அப்படியானால் ஒன்பதாம் பிரிவு வந்துவிட்டது. படித்தவர்கள் எங்கே? முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டில். பத்திரம் எங்கே, கைநாட்டுக்குச் சாட்சி எங்கே? கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில். இங்கிலாந்துதான் தெளிவாகப் பொருத்தமான இடம் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டாவது கேள்வி: இங்கிலாந்தில் படித்த நான்கு பேர் யார்? கணவர், மகன், மகள், மருமகன். அவர்கள் நம்பினார்களா? இல்லை. பாதிப்பு எங்கே? வழக்கறிஞர் கோப்பை மூடிவிடுவார்.

அதே தம்பி அந்தக் குழுவில் எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, லண்டனில் அக்கா பொருளாளராக இருக்கும் கோயில் அறக்கட்டளையின் தலைவருக்கும் செயலாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார்: “இவள் சொந்தத் தாயையே ஏமாற்றியவள், கோயில் உண்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.” படித்தவர்கள் இரண்டே பேர். ஆனால் என்ன நடக்கிறது? அடுத்த கூட்டத்துக்கு அக்காவை அழைக்கவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

இப்போது எந்த ஊர்? அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது லண்டனில்தான். எவ்வளவு பாதிப்பு? கண்ணெதிரே இருக்கிறது. நாற்பது பேர் படித்தபோது இரண்டு கேள்வியிலும் தோற்ற வழக்கு, இரண்டு பேர் படித்தபோது இரண்டு கேள்வியிலும் நிற்கிறது! ஏன்? கேட்டவர்கள் மாறினார்கள், கேட்டவர்கள் மாறியதும் இடமும் மாறியது, பாதிப்பும் மாறியது. அதனால்தான் இவை இரண்டும் ஒரே கேள்வி என்று தொடக்கத்தில் சொன்னேன்.

குடும்ப வழக்குகளில் இன்னொரு கசப்பான உண்மையும் உண்டு. உறவுக்குள் சொல்லும் சொல் வலிக்கும் அளவுக்கு ஊரான் சொல்லும் சொல் வலிக்காது. ஆனால் சட்டம் வலியை அளப்பதில்லை; மற்றவர் கண்ணில் நம் மதிப்பு எவ்வளவு இறங்கியது என்பதைத்தான் அளக்கிறது. இராத் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை என்பதெல்லாம் வென்ற பிறகு இழப்பீட்டைக் கூட்டலாம். வழக்கின் வாசலைத் திறக்காது. நம்மை நன்றாக அறிந்த உறவினர்கள் பொய்யை நம்பாமல் போனால், வலி மலையளவு இருந்தும் வழக்கு இல்லை.

உறவுக்குள் உண்மையைச் சொல்லும் கடமையையும் சட்டம் மதிக்கிறது. 1837-இல் இங்கிலாந்தில் ஒரு மருமகன், மறுமணம் செய்துகொள்ளப்போகும் தன் மாமியாருக்கு, மாப்பிள்ளையைப் பற்றி எச்சரித்துக் கடிதம் எழுதினார். வழக்கு வந்தது. குடும்பத்தாருக்கு அப்படி எச்சரிக்கும் உரிமை உண்டு, தீய நோக்கம் இல்லாதவரை அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். நம் ஊரில் பெண் கொடுக்கும் முன் நாலு பேரிடம் விசாரிக்கிறோமே, அந்த வழக்கத்துக்கு அந்த நாட்டுச் சட்டம் கொடுத்த மரியாதை அது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 1930-இல் பதிவான வழக்கு ஒன்றில், மொராக்கோவில் வேலை பார்த்த ஒரு நிர்வாகியின் நடத்தையைப் பற்றி வந்த கடிதத்தை ஓர் இயக்குநர் கம்பெனித் தலைவரிடம் காட்டினார். அந்த நிர்வாகியின் மனைவியிடமும் காட்டினார். தலைவரிடம் காட்டியது சரி, மனைவியிடம் காட்டியதற்குப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். கடிதம் ஒன்று; படித்தவர் இருவர்; தீர்ப்பு இரண்டு. மறுபடியும் அதே கேள்விதான்: யார் முன்னால்?

நம் நாட்டில் என்ன நிலை? 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக நிற்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை. இது அரசியல் சாசனத்துக்கு ஏற்றதே என்று 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பிரிவில், பாதிப்பு உண்மையில் நேர்ந்ததா என்ற கேள்வி முதன்மையானது இல்லை. பெயரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தாலோ, கெடும் என்று தெரிந்திருந்தாலோ போதும்.

இங்கேயும் ஒரு குடும்ப வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1964-இல் பம்பாயில் இருந்த ஒருவர், திருவனந்தபுரத்தில் இருந்த தன் மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றில் மாமனாரைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தார். மனைவி கடிதங்களைத் தந்தையிடம் கொடுத்துவிட்டார். மாமனார் மருமகன் மீது குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார்! கணவனும் மனைவியும் ஓருயிர், ஆகவே மனைவிக்கு எழுதியது வெளியீடே ஆகாது என்பது பழைய இங்கிலாந்துக் கோட்பாடு. மருமகன் அதைத்தான் கேடயமாகப் பிடித்தார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாடு இந்தியாவில் அப்படியே முழுமையாகச் செல்லாது என்று சொல்லி, வழக்கைத் தொடர அனுமதித்தது. கணவன் மனைவிக்கு எழுதிய கடிதம் கூட இங்கே குற்றவியல் வழக்காகலாம் என்றால், வாட்ஸ்அப் குழு எந்த மூலைக்கு?

எந்த ஊர் என்ற கேள்வியிலும் நம் சட்டம் தாராளமானது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு சொல்கிறது: டெல்லியில் வாழ்பவர் கல்கத்தாவில் அவதூறு வெளியிட்டால், வழக்கைக் கல்கத்தாவிலும் போடலாம், டெல்லியிலும் போடலாம். வாதியின் விருப்பம். அன்று கல்கத்தாவில் வெளியிட்டால் கல்கத்தாவில்தான் வெளியாகும். இன்று ஒரு பதிவு ஒரே நொடியில் எல்லா ஊரிலும் வெளியாகிறது. அப்படியானால் எல்லா ஊரிலும் வழக்கா? தொலைவில் இருப்பவரை அலைக்கழிக்கப் புகார் போடுகிறார்கள் என்பது அரசுக்கே தெரியும். அதனால்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், தன் எல்லைக்கு வெளியே வாழ்பவருக்குச் சம்மன் அனுப்பும் முன் நீதித்துறை நடுவர் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்றது. நல்ல தொடக்கம். ஆனால் அது தொடக்கம் மட்டுமே.

இந்தக் கடுமையான பாதிப்பு என்ற நிபந்தனை பணக்காரருக்கும் அதிகாரத்துக்கும் சாதகம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் எதிர்மாறாகச் சொல்கிறேன். அடி வாங்கிய ஒரு பெண் தன் தமக்கையிடம், தோழியிடம், மகளிர் காவல் நிலையத்தில் வாய் திறக்கும்போது, “மானநஷ்ட வழக்குப் போடுவேன்” என்று மிரட்டுவது யார்? வழக்கு நடத்தப் பணமும் நேரமும் உள்ளவன்தானே! அந்த மிரட்டலின் பல்லைப் பிடுங்குவது இந்த நிபந்தனை. பொய்க் குற்றச்சாட்டால் உண்மையிலேயே வேலை இழந்தவன், வாழ்வு இழந்தவன் என்றால், அந்தத் துபாய்ப் பொறியாளரைப் போல அவனும் வாசலைத் தாண்டி உள்ளே வரலாம். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்கள் 2021 முதல் இந்தப் பாதையில் வந்துவிட்டன. ஸ்காட்லாந்தும் 2021-இல் தனக்கென்று சட்டம் இயற்றி வந்துவிட்டது. நாம் மட்டும் 1860-இலேயே நின்றுகொண்டிருப்பதா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். நாடாளுமன்றத்துக்கு: அவதூறைக் குற்றவியலிலிருந்து விடுவித்து, உரிமையியலில் கடுமையான பாதிப்பு என்ற வாசலைக் கட்டுங்கள், சொல் போய்ச் சேர்ந்த இடங்களை ஒப்பிட்டு மிகப் பொருத்தமான ஊரில் மட்டும் வழக்கு என்று விதி செய்யுங்கள். வழக்கறிஞர் நண்பர்களுக்கு: கட்சிக்காரர் கொதிப்போடு வரும்போது, மனுவை எழுதும் முன் கேட்டவர்கள் பட்டியலை எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு: உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். நீதிமன்றத்தாலும் ஊர் வாயை மூட முடியாது. வழக்குப் போடப் புறப்படும் முன், யார் கேட்டார்கள், அவர்கள் நம்பினார்களா என்று உங்களையே கேளுங்கள். நம்பவில்லை என்றால், அந்தப் பணத்தையும் அந்த ஆண்டுகளையும் உங்கள் பிள்ளைகளுக்குச் செலவிடுங்கள். நம்பினார்கள், அதனால் உங்கள் வாழ்வு சரிந்தது என்றால், தயங்காதீர்கள். அந்த மனிதர்கள் இருக்கும் ஊரிலேயே வழக்கைப் போடுங்கள்.